சலவைக்கடைக்காரரின் கண்ணாடிப் பற்கள்

புதுக் குழாய் பதிப்பதற்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்த வருஷம்தான் சலவைக்கடைக்காரரின் பற்கள் கண்ணாடியாகி, அவர் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் வெளியே தெரிய ஆரம்பித்தது. எது முதலில் என்று கேட்டால் குழிதான் முதலில், பல் அதற்குப் பிறகு. குழியை எப்போது மூடினார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், அதைப் பேச ஆரம்பித்தால் எங்கள் தெருக்காரர்களுக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கும். குழியின் மேல் போட்டிருந்த பலகையில் தட்டுத்தடுமாறி நடந்துதான் அழுக்குத் துணி மூட்டையோடு அவர் கடைக்குப் போக வேண்டியிருந்தது. அப்படிப் போனவர்கள் எல்லோரும் அந்தப் பற்களைப் பார்த்தவர்கள்தான். ஆகவே இதில் கட்டுக்கதை ஒன்றும் இல்லை.

கடை தெருவின் வளைவில் இருந்தது. முன்னால் ஒரு கவுண்டரும், காத்திருப்பவர்கள் உட்கார ஒரு மர பெஞ்சும். நடுவில் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய மெஷின்கள். அதற்குப் பின்னால் இஸ்திரி மேஜை. மாடியில் குடித்தனம், மொட்டை மாடியில் துணிக்கொடிகள். பிள்ளைகள் இல்லை. கவுண்டரில் அவர் மனைவி நிற்பார், உள்ளே அவர். கறை கண்டுபிடிப்பதில் அந்த அம்மாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஓரத்தை விரலால் தடவி, இது டீ, இது மருந்து, இது சைக்கிள் செயின் எண்ணெய் என்று சொல்லிவிடுவார். இது லிப்ஸ்டிக், ஆனால் உங்கள் வீட்டு லிப்ஸ்டிக் இல்லை என்பதுவரை அவருக்குத் தெரியும். அதை மட்டும் சொல்ல மாட்டார். அவர் வாய் திறந்திருந்தால் எங்கள் தெருவில் பாதிக் குடும்பம் நாறிப்போயிருக்கும்.

அவர் புருஷனோ வாயே திறக்காதவர். சின்ன வயசில் எங்கேயோ குடித்த தண்ணீர் அவர் பற்களைக் கொதித்து ஆறிய டீயின் நிறத்துக்குக் கொண்டுபோய் விட்டிருந்தது. ஊருக்கெல்லாம் வெள்ளை வெளேரென்று வெளுத்துக் கொடுக்கிறவன் வாயில் இப்படி ஒரு கறையா என்ற வெட்கம் அவரைப் பிடித்துத் தின்றது. அதனால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் "உம்" என்பார். ஆமாம் என்றாலும் உம், இல்லை என்றாலும் உம், நெருப்புப் பிடித்தாலும் உம்தான். முதுகுக்குப் பின்னால் தெரு அவரை உம்மணாமூஞ்சி என்றது. கல்யாணப் போட்டோவில்கூட மனிதர் வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்பவரைப் போல நிற்கிறார். பக்கத்தில் அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பின்னால் இருந்த திரையே வெளிறிவிட்டது என்று போட்டோ எடுத்தவர் சொல்லுவார். அவர் அந்த அம்மாவின் தம்பி, எதிர்த்த ஸ்டுடியோக்காரர். ஆகவே கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார்.

அந்த வருஷம் அந்த அம்மா இளைக்க ஆரம்பித்தார். கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டுக்கொண்டார், பிறகு ஸ்டூலில் தலையணை போட்டுக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகு டாக்டர் சலவைக்காரரை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்திச் சொன்னார்: "இனிமே மருந்து வலிக்குத்தாங்க. நோய்க்கு இல்ல." யாரோ வந்து டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். சலவைக்காரர் உம் என்றார். பிறகு உள்ளே போய் மனைவியிடம், "ரத்தம் கம்மியாம். நல்லா சாப்பிடச் சொன்னாரு. ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு. வேற ஒண்ணும் இல்லியாம், பயப்படாத" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். அதுவே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த அம்மா ஒன்று கேட்டார். கேட்பதே அரிது, அதனால் சலவைக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஏங்க, பல்லு தெரிய சிரிச்சு என்கூட ஒரு போட்டோ எடுத்துக்கோங்களேன். கல்யாணப் போட்டோவுல பாத்தா உங்களை யாரோ அடிச்சு இழுத்துட்டு வந்த மாதிரி இருக்கு." அவர் உம் என்றார். அந்த உம்முக்கு ஆமாம் என்று அர்த்தம்.

பற்களை வீட்டிலேயே வெள்ளையாக்குவது எப்படி என்று அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாருக்கும் வெள்ளைப் பல் இல்லை என்பது வேறு விஷயம். ஒருவர் கரித்தூள் என்றார், ஒருவர் வாழைப்பழத் தோலின் உள்பக்கம் என்றார், ஒருவர் எண்ணெயை வாயில் ஊற்றிக் கொப்பளிக்கச் சொன்னார். பேக்கரிக்காரர் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். அதில் ஒருவன் எதையோ தேய்த்துத் தேய்த்து ஈறு வீங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். சலவைக்காரர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தன் வழிக்கே போனார். கறை துணியில் இருந்தால் என்ன, பல்லில் இருந்தால் என்ன, கறை கறைதான் என்பது அவர் எண்ணம். அவர் தொழிலில் ஊறிய ஒருவருக்குத்தான் அப்படி ஒரு புத்தி போகும். முதலில் ஊறப்போட்டார்: வெதுவெதுப்பான தண்ணீரை வாயில் அடக்கிக்கொண்டு ஒரு மெஷின் துணி சுற்றி முடியும்வரை உட்கார்ந்திருப்பார். பிறகு சோடாவும் எலுமிச்சையும் போட்டு மென்மையான பிரஷால் தேய்ப்பு, காலரைத் தேய்ப்பது போல ஒரே திசையில். பிறகு மேஜைத் துணிக் கறைக்குப் போடும் வெளுப்பு மருந்தைத் தண்ணீர் விட்டுத் தளர்த்தி ஒரு பூச்சு. அது தொண்டைக்குள் இறங்கிவிடாமல் ஆட்டுக்குட்டி போலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார். பிறகு அலசல். கடைசி அலசலில் ஒரு சொட்டு நீலம், ஏனென்றால் நீலம் போடாத வெள்ளை வெள்ளையே இல்லை. எல்லாம் முடிந்து மொட்டை மாடிக்குப் போய், உலர்த்தின துணிகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு, வெயிலைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார். பக்கத்து மாடிக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அவர் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை வைத்து மணி பார்க்கப் பழகிக்கொண்டார்கள்.

பற்கள் வெளுத்தன. டீ நிறம் அட்டைப்பெட்டி நிறத்துக்கு வந்தது, அட்டைப்பெட்டி காகிதத்துக்கு வந்தது, காகிதம் பாலுக்கு வந்தது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் வெளுத்துக் கொடுங்கள் என்று வருகிற வாடிக்கையாளர்களிடம் அவர் வாயைத் திறந்து சொல்லும் ஒரே வாக்கியம், "இதுக்கு மேல வெளுத்தா துணி இத்துடும்" என்பதுதான். இத்துப்போன துணியில் அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கம் தெரியும் என்பது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் நிறுத்தவில்லை. ராத்திரி மனைவி புரண்டு படுக்கும்போது வரும் முனகலுக்குச் செய்ய அவரிடம் ஒன்றுமே இல்லை. காலையில் எழுந்தால் பல்லுக்குச் செய்ய ஏதாவது இருந்தது. கைக்கு ஒரு வேலை வேண்டும். அந்த வேலையையும் முடித்துவிட்டால் பிறகு சும்மா உட்கார்ந்து மனைவி இளைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு அந்த மனிதருக்குத் தைரியம் இல்லை.

ஒருநாள் போட்டோவுக்குப் போனார்கள். அந்த அம்மா தலைவாரி, நல்ல உடுப்பு உடுத்தி, பலகையில் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு குழியைத் தாண்டினார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, லைட்டைப் போட்டு, தம்பி கேமராவுக்குப் பின்னால் குனிந்தார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களிடம் வாயை மூடச் சொல்லிச் சொல்லியே பழகிய மனிதர். அன்றைக்குத்தான் முதல்முறையாக, "சிரிங்க மாமா, நல்லா சிரிங்க" என்றார். சலவைக்காரர் சிரித்தார். கேமராவில் கண் வைத்திருந்தவர் அப்படியே இருந்தார். மாமாவின் பற்கள் சுத்தமாகக் கண்ணாடியாகியிருந்தன. கண்ணாடிக்குப் பின்னால், அக்காவுக்கு இனிமேல் மருந்து வலிக்குத்தான், நோய்க்கு இல்லை என்பது தெளிவாக நின்றுகொண்டிருந்தது.

அது எழுத்தாகத் தெரிந்ததா, உருவமாகத் தெரிந்ததா என்று எங்கள் தெருவில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் எழுத்து என்கிறார்கள். படிக்கத் தெரியாத பால்காரருக்கும் எல்லாம் விளங்கியது, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? மெஷினின் வட்டக் கண்ணாடி வழியே உள்ளே சுற்றும் துணியில் இது சட்டை, இது துண்டு என்று தெரியுமே, அப்படித் தெரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சலவைக்காரருக்கு மட்டும் தெரியவில்லை. தினமும் முகக் கண்ணாடியில் பல்லைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் தன் வாயில் நிற்பது தனக்குப் புதிதா என்ன, கண்ணில் படவே இல்லை. போட்டோக்காரத் தம்பி, "பேட்டரி போயிடுச்சுக்கா, இன்னொரு நாள் எடுப்போம்" என்று லைட்டை அணைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து கேமராவையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்குப் புருஷனின் வாய் தெரியவில்லை. இப்போதெல்லாம் எந்தச் சாமானும் உழைப்பதில்லை என்று அலுத்துக்கொண்டு எழுந்தார்.

கொஞ்ச நேரத்தில் தம்பி கடையின் பின்வாசல் வழியாக வந்து, உலர்த்தும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, "நெசமா மாமா?" என்று கேட்டார். சலவைக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. இருவரும் மெஷினை வெறுமனே ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதார்கள். முன்னால் கவுண்டரில் அந்த அம்மா யாருடைய சட்டைக் கறையையோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அந்த மனிதர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மனைவிக்குத் தெரியக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் வாழ்க்கையில் மிச்சம் இருந்த காரியம். அவள் இருக்கும்வரை பயமில்லாமல் இருக்கட்டும், அதையாவது என்னால் கொடுக்க முடியாதா என்று மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பல்லைத் திரும்பக் கறையாக்கப் பார்த்தார். கறுப்பு டீயை வாயில் ஊற்றிவைத்தார், மசி பூசினார், கடைசியில் துணிக்குப் போடும் பழுப்புச் சாயத்தையே காய்ச்சிப் பூசினார். நாக்கு சாயம் பிடித்தது, உதடு சாயம் பிடித்தது, முகத்தைத் துடைத்த துண்டு சாயம் பிடித்தது, பல் மட்டும் பளிங்காக நின்றது. இத்துப்போன துணி சாயம் ஏற்காது என்பதும் அவருக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்து என்ன பிரயோஜனம்? பல் டாக்டர் ஒருவரிடம் போனார்கள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு உள்ளே குனிந்து பார்த்து, முகம் சிவந்து நிமிர்ந்தார். இந்த ஆளுக்கு ஒரு மண்ணும் தெரியாது போலிருக்கிறதே என்பது அந்த நேரத்தில் பல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. இருந்தாலும் பெருந்தன்மையாக எல்லாப் பற்களுக்கும் பீங்கான் உறை போட்டு அனுப்பினார். அடுத்த வாரமே பீங்கானும் கண்ணாடியாகிவிட்டது.

கடைசியில் பல்வலி என்று சொல்லி மூக்குவரை மஃப்ளரைச் சுற்றிக்கொண்டார். நல்ல கோடையில், கொதிக்கும் இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில், கம்பளி மஃப்ளர். கடையில் அந்த அம்மா இல்லாத நேரம் பார்த்துக் காற்றுக்காக அதைக் கொஞ்சம் இறக்குவார், அப்போது மாட்டிக்கொள்வார். இந்த பேன்ட் உங்களுக்குப் பத்தாது, இரண்டு வருஷமாகவே பத்தவில்லை என்பதைத் தபால்காரர் படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போனார். வாத்தியாரம்மா தன்னுடைய ரவிக்கையைப் பற்றி அங்கே என்ன பார்த்தாரோ, அடுத்த நாளே எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். ஆனால் இந்த அற்பங்களுக்கெல்லாம் பின்னால் டாக்டரின் அந்த வாக்கியம் அசையாமல் நின்றது. கொஞ்ச நாளில் தெருவுக்கே தெரிந்துபோயிற்று. வம்பு பேசாவிட்டால் சோறு இறங்காத எங்கள் தெரு, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டது. நம்புவது கஷ்டம்தான். எனக்கே பல்லைவிட அதுதான் பெரிய அதிசயமாகப் படுகிறது.

வீட்டிலோ நிலைமை மோசம். அந்த அம்மா கேட்டது ஒரு சிரிப்பு, கிடைத்தது ஒரு மஃப்ளர். சாப்பிடும்போது அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார், படுக்கும்போது முதுகைக் காட்டிப் படுத்தார். உம் என்கிற சாக்கில் உதடு விலகிவிடுமோ என்ற பயத்தில் அந்த உம்மும் நின்றுபோயிற்று. "பல்லு மஞ்சளா இருந்தப்பவாவது உம்முன்னு ஒரு சத்தம் கேக்கும். இப்ப அதுக்கும் பஞ்சம். நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று அந்த அம்மா தம்பியிடம் சொல்லி அழுதார். தம்பி கேமராப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சலவைக்காரர் இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டார். சொன்னால் அவளுக்கு வலி, சொல்லாவிட்டாலும் அவளுக்கு வலி. ஒரே சட்டையைத் தேய்த்துக்கொண்டே இருந்து காலரைத் தீய்த்துவிட்டார்.

விஷயம் வெளிப்பட்டது படுக்கை விரிப்பால். பக்கத்து லாட்ஜின் பெரிய விரிப்புகளை மடிக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். மொட்டை மாடியில் அவர் ஒரு முனையில் இரண்டு மூலையைப் பிடிப்பார், அந்த அம்மா மறு முனையில். உதறி, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, நடுவில் கையோடு கை சேர்த்து மூலைகளை மாற்றிக்கொள்வார்கள். பிறகு பின்னால் போய் மறுபடி வருவார்கள். கல்யாணமான வாரத்திலிருந்து இதுதான் வழக்கம். தெருக்காரர்கள் கீழேயிருந்து பார்த்தால் இருவரும் ஏதோ நடனம் ஆடுவது போலத் தெரியும். துவைத்த விரிப்பைத் தரையில் படவிட்டதாக அவர்கள் சரித்திரத்திலேயே கிடையாது. அன்றைக்கு அந்த அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, ஆனாலும் தம்பியோடு சேர்ந்து புருஷன் மடிப்பது கோணலாக வருகிறதென்று சொல்லி மாடியேறி வந்துவிட்டார். தரையெல்லாம் துணியிலிருந்து சொட்டிய தண்ணீர். உதறினார்கள், இழுத்தார்கள், நடந்து வந்தார்கள். நடுவில் கைகள் சேரப்போகும் நேரம் பார்த்துக் காற்று அடித்தது. மஃப்ளர் கழன்று கழுத்துக்கு இறங்கியது. காற்றில் விரிப்பு திமிறியதில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிடித்திருந்தார், உதடுகள் விரிந்திருந்தன.

விரிப்பை விட்டுவிட்டு வாயைப் பொத்தியிருக்கலாம். வேறு எந்த மனிதனும் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் கையில் இருந்தது துவைத்த வெள்ளை விரிப்பு, கீழே ஈரத் தரை. அவர் கை விடவில்லை, விடத் தெரியவில்லை. இரண்டு கையிலும் மூலைகளைப் பிடித்துக்கொண்டு, மனைவியின் முகத்துக்கு நேராக, திருடன் போல நின்றார். அந்த அம்மா படித்தார். நிதானமாக, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போலப் படித்தார். பிறகு அவர் கையிலிருந்த மூலைகளை வாங்கி, தன்னுடையதோடு சேர்த்து, மடிப்பை நீவினார்.

"தெரியும்" என்றார்.

எப்படி என்ற கேள்வி பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. "உங்க தலையணை உறைய யாருங்க துவைக்கிறா? வேர்வைன்னா மஞ்சளா நிக்கும். கண்ணீர்னா வெள்ளையா ஓரம் கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த மறுநாள்லேர்ந்து தினம் அதத்தான் துவைச்சிட்டு இருக்கேன். ரத்தம் கம்மின்னு எந்தப் புருஷன் தலையணையில முகத்தப் புதைச்சு அழுவான்?" ஏன் சொல்லவில்லை என்பது அடுத்து வந்து நின்றது. அந்த அம்மா விரிப்பைக் கூடையில் வைத்தார். "நீங்க அவ்வளவு பாடுபட்டு மறைக்கிறீங்க. அதப் போய் நான் எதுக்குக் கெடுக்கணும்னு இருந்துட்டேன்."

இருவரும் கூடையின் இரண்டு பக்கத்திலும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவர் அழுதார், வாயை மூடாமலே அழுதார். அந்த வாக்கியம் படிக்கப்பட்டுவிட்டதால் மெல்லக் கலைந்து இடம்விட்டது. அதற்குப் பின்னால் வெகுகாலமாக நசுங்கிக்கிடந்த இன்னொன்று முன்னால் வந்தது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை உற்றுப் பார்த்தார். அந்த அம்மாவின் தாயார் பின்னிக் கொடுத்த நீலக் கம்பளிச் சால்வையை, இத்தனை வருஷமாக அவர் நினைத்திருந்தபடி, பேக்கரிக்காரர் மனைவி தன் துணியோடு சுருட்டிக்கொண்டு போகவில்லை, சலவைக்காரரே தெரியாமல் கொதிதண்ணீரில் போட்டு அது பொம்மைச் சால்வையாகச் சுருங்கிவிட்டது, அதை ஒருவருக்கும் தெரியாமல் சாக்கடையில் போட்டுவிட்டார் என்பதுதான் அது.

"அட பாவி மனுஷா!" என்று அந்த அம்மா போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது. தன் சாவைக் கேட்டு ஒரு சொட்டுக் கலங்காதவர் சால்வையைக் கேட்டு ஆடித் தீர்த்தார். "அவகிட்ட நான் பேசி எத்தனை வருஷமாச்சு! அவ வீட்டுத் துணிய வேணும்னே கடைசியாப் போட்டேனே! அவ குனிஞ்சு கும்பிடு போட்டாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கிட்டேனே! கம்பளிய எவனாவது வெந்நீர்ல போடுவானா? வெளிய சொன்னா சிரிக்க மாட்டாங்களா?" மூச்சு வாங்கியது, திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. சலவைக்காரருக்கு அந்தத் திட்டு அத்தனையும் தேனாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே அந்த அம்மா பலகையைத் தாண்டிப் பேக்கரிக்குப் போனார். போகும்போது புருஷனையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பேக்கரிக்காரர் மனைவிக்கு முன்னால் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகான மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டாக்டர் சொன்னபடியே நடந்தது. மருந்து வலிக்குத்தான் வேலை செய்தது, பிறகு வலிக்கும் சரியாக வேலை செய்யவில்லை. ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பேக்கரிக்காரர் மனைவி தினமும் வந்து உட்கார்ந்தார், தம்பி ஸ்டுடியோவைப் பாதி நாள் சாத்தினார், சலவைக்காரர் மஃப்ளரை மடித்து வைத்துவிட்டார். மத்தியானங்களில் அந்த அம்மா கட்டிலில் படுத்தபடி அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுவார். துணியை மெஷினில் போடுவதற்கு முன் சட்டைப் பைகளைத் துழாவிக் காலி செய்வது அவர் வழக்கம், அதே மாதிரி அந்த வாயையும் காலி செய்தார். இத்தனை வருஷத்தில் உம் என்று சொல்லி உள்ளே தள்ளியதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. உன் குழம்பில் உப்பு அதிகம் என்பது வந்தது. நமக்குப் பிள்ளை இல்லை என்று உன்னை ஒருநாளும் குறை நினைத்ததில்லை என்பது வந்தது. அந்தப் பச்சை உடுப்பில் நீ கவுண்டரில் நின்றபோது இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன், அதில்தான் அன்றைக்கு நீதிபதியின் சட்டை தீய்ந்தது என்பது வந்தது. "அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா" என்று அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் திட்டுவார். திட்டிவிட்டு, அடுத்தது என்ன என்று பார்ப்பார்.

எல்லாம் காலியான மாதிரி தெரிந்த ஒருநாள், மறுபடி போட்டோவுக்கு ஏற்பாடு செய்தார்கள். இந்த முறை கேமரா வீட்டுக்கு வந்தது. கட்டிலின் தலைமாட்டில் தலையணைகளை அண்டக்கொடுத்து அந்த அம்மாவைச் சாய்த்து உட்காரவைத்தார்கள், பக்கத்தில் சலவைக்காரர். தம்பி, "சிரிங்க மாமா" என்றார். அவர் பல் தெரிய மட்டுமில்லை, வாழ்நாளில் முதல்முறையாக முகம் முழுக்கச் சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்தார். தம்பிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனால் பேட்டரி போய்விட்டது என்று சொல்லவில்லை. பட்டனை அழுத்தினார்.

படம் அச்சாகி வந்தபோது அதில் எல்லாம் நன்றாக விழுந்திருந்தது. சுவர், தலையணையின் பூ, அந்த அம்மாவின் சிரிப்பு, சலவைக்காரரின் சிரிப்பு, அந்தச் சிரிப்புக்குள் பற்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு சொல்: போயிடாத. அந்த அம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு புருஷனைப் பார்த்து, "என் கையிலயாங்க இருக்கு?" என்று கேட்டார். அவர் உம் என்றார். அந்த உம்முக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாது.

மழை தொடங்கிய வாரத்தில் அந்த அம்மா இறந்தார். அன்றைக்கும் குழி மூடப்படவில்லை, எட்டுப் பேர் பலகையில் நின்று கைமாற்றிக் கைமாற்றித்தான் அவரைத் தெருவைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். சலவைக்காரர் கொஞ்ச நாள் கடையைத் திறக்கவில்லை. ஒருநாள் திறந்தார். கவுண்டரிலும் அவரே நின்றார். படத்தைக் கவுண்டருக்கு மேலே மாட்டியிருந்தார், ஆனால் படத்தைப் பார்க்க அவசியமே இல்லை. அந்தச் சொல் அவர் வாயைவிட்டு நகரவில்லை. படித்தால் கலைந்துவிடும் என்று எல்லோரும் படித்தார்கள், அது கலையவில்லை. படிக்க வேண்டியவர் இல்லை அல்லவா. இப்போது அவர் வாயை மறைப்பதில்லை. "வியாழக்கிழமை வாங்க" என்றாலும் சரி, "இந்தக் கறை போகாது" என்றாலும் சரி, பற்களுக்குப் பின்னால் அதுதான் நின்றது.

முதலில் போகாமல் நின்றவர் தபால்காரர். துணியைப் போட்டுவிட்டுக் கிளம்பப் போனவர், திரும்பி அந்த வாயைப் பார்த்தார். அது தனக்குச் சொன்னதில்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் அதைப் பார்த்துவிட்டுப் பலகையேறிப் போக அவருக்கு மனசு வரவில்லை. மர பெஞ்சில் உட்கார்ந்து, மெஷினுக்குள் துணி சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். அப்புறம் பால்காரர் உட்கார்ந்தார். பேக்கரிக்காரர் மனைவி தினமும் உட்கார்ந்தார். கோபித்துக்கொண்டு போன வாத்தியாரம்மாகூடத் திரும்பி வந்து உட்கார்ந்தார். குழியை மூடி ரோடு போட்ட பிறகு தெருவுக்கு எத்தனையோ புதுக் குடும்பங்கள் வந்துவிட்டன. கடைக்காரர் வாயில் ஏதோ தெரிகிறதே என்று அவர்கள் கேட்டால், அது அப்படித்தான், துணியைப் போட்டுட்டு உடனே ஓடாதீங்க, கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்க என்று சொல்லிவைக்கிறோம். அவர்களும் இருந்துவிட்டுத்தான் போகிறார்கள். சாயங்காலங்களில் இடம் போதாமல் போகவே, போன வருஷம் ஸ்டுடியோக்கார மச்சான் இன்னொரு பெஞ்சு வாங்கிப் போட்டார்.